கரையும் கண்ணாடி

நுழையும்முன்

மருந்து என்றால் விழுங்குவது, பூசுவது, ஊசிவழிச் செலுத்துவது என்றே அறிந்திருக்கிறோம். மணலை உருக்கிச் செய்யும் கண்ணாடியும் மருந்தாகும். அது செல்லின் உள்ளே சென்று கரையும் என்கிறது இன்றைய அறிவியல். தமிழாசிரியர் ஒருவர், ஒரு கலைச்சொல்லைத் தேடிச் சென்றபோது அறிந்தவற்றைத் தம் வீட்டிலும் வகுப்பறையிலும் கண்டவற்றோடு சேர்த்து எழுதிய கட்டுரை இது.

ஆடி என்பது பழந்தமிழ்ச் சொல். முகம் பார்க்கும் பொருளைக் குறித்த அச்சொல்லின் முன் ‘கண்’ சேர்ந்து கண்ணாடி ஆயிற்று. பளிங்கு என்னும் சொல் திருக்குறளிலேயே உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழலாக இழுத்து, நறுக்கி மணிகள் செய்தனர். அத்தனை நூற்றாண்டுகள் மழையும் மண்ணும் சூழக் கிடந்தும் அம்மணிகள் கரைந்துவிடவில்லை. அகழாய்வில் நிறத்தோடு கிடைத்தன. கண்ணாடியிடம் நாம் மதிப்பது இக்குணத்தைத்தான். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் அடர் அமிலத்தைக் கண்ணாடிப் புட்டியில் வைத்திருப்பதும் இதனால்தான். தன்னுள் வைத்ததற்கு எதையும் கொடுக்காது. அதனிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது.

இக்குணத்துக்கு நேர்மாறான ஒரு கண்ணாடி உண்டு. அதை உடலுக்குள் வைத்தால் சில மணி நேரத்திலேயே வினைபுரியத் தொடங்கும். தன்னிடமுள்ளவற்றைச் சுற்றியிருக்கும் செல்களுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். கொடுத்துக் கொடுத்துத் தேயும். பாடநூல் குழுவில் அறிவியல் பாடங்களின் மொழியைச் சரிபார்க்கும் பணியில் நான் இருந்தபோது, வேதியியல் ஆசிரியர் ஒருவர் ‘பயோஆக்டிவ் கிளாஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டார். உயிர்ப்புக் கண்ணாடி, உயிரியக்கக் கண்ணாடி எனப் பல சொற்களை எழுதிப் பார்த்தோம். கண்ணாடிக்கு உயிர் இருப்பதாகப் பொருள் தரும் சொற்களை நீக்கினோம். உயிருள்ள உடலோடு வினைபுரிவது என்னும் பொருளில் ‘உயிர்வினைக் கண்ணாடி’ என்பது நின்றது. வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், சொல்லைத் தேடிச் சென்ற நான் பொருளில் சிக்கிக்கொண்டேன்.

பேருந்தில் எழுந்த கேள்வி

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பீங்கான், கண்ணாடி முதலிய பொருள்களை ஆராய்ந்தவர் லாரி ஹெஞ்ச். 1967ஆம் ஆண்டில் அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. நியூயார்க் மாநிலத்தில் நடந்த இராணுவப் பொருளியல் மாநாடு ஒன்றுக்குப் பேருந்தில் சென்றார். அருகில் அமர்ந்திருந்தவர் வியட்நாம் போர்க்களத்திலிருந்து அண்மையில் திரும்பிய கர்னல் ஒருவர். மருத்துவப் பொருள்களை வழங்கும் பொறுப்பில் இருந்தவர். கதிர்வீச்சைத் தாங்கும் கண்ணாடிகளைப் பற்றி ஹெஞ்ச் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த கர்னல், மனித உடலுக்குள் தாக்குப்பிடிக்கும் பொருளைச் செய்ய முடியுமா என்று வினவினார். போரில் சிதைந்த கைகால்களுக்கு உலோகத்தையும் நெகிழியையும் பொருத்தினால் உடல் அவற்றை ஏற்பதில்லை. உறுப்பையே வெட்ட நேர்கிறது என்பது அவர் கண்டது.

உடல் ஏன் ஏற்பதில்லை? முள் தைத்தால் அதைச் சுற்றி உடல் என்ன செய்கிறது என்பதை நாம் அறிவோம். வெளியே தள்ளப் பார்க்கும். முடியாவிட்டால் சுற்றிலும் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டி, அதைத் தன்னிலிருந்து விலக்கி வைக்கும். எஃகுத் தகட்டுக்கும் இதே வரவேற்புத்தான். எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையில் மெல்லிய உறை ஒன்று வளரும், இரண்டும் ஒட்டுவதில்லை. அக்காலத்து மருத்துவப் பொறியாளர்கள் உடலோடு எவ்வகையிலும் வினைபுரியாத பொருளே சிறந்தது என்று கருதினர். ஹெஞ்ச் மாற்றி எண்ணினார். எலும்பின் கனிமப் பகுதியில் கால்சியமும் பாஸ்பேட்டும் மிகுதி. அவ்விரண்டையும் தன்னுள் கொண்ட கண்ணாடி ஒன்று இருந்தால், உடல் அதை அயலான் என்று கருதாமல் இருக்கலாம் அன்றோ?

எடையில் சிலிக்கா 45 விழுக்காடு, சோடியம் ஆக்சைடு 24.5, கால்சியம் ஆக்சைடு 24.5, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6. இந்த அளவில் உருக்கி வார்த்த கண்ணாடித் துண்டுகள் எலிகளின் தொடையெலும்பில் பொருத்தப்பட்டன. அறுவை செய்தவர் டெட் கிரீன்லீ என்னும் எலும்பு மருத்துவர். ஆறு வாரங்களுக்குப் பின் துண்டுகளை எடுத்துப் பார்க்க முயன்றார், எடுக்க முடியவில்லை. இழுத்தும் தள்ளியும் பார்த்தார். எலும்பும் கண்ணாடியும் ஒன்றாகியிருந்தன. உடல் தழும்பு உறை கட்டாமல் நேரடியாகப் பிணைத்துக்கொண்ட முதல் செயற்கைப் பொருள் அதுவே. 1971ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியாயின. அக்கண்ணாடி இன்றும் 45எஸ்5 என்னும் பெயரால் வழங்குகிறது.

சன்னல் கண்ணாடியும் இதுவும் ஒரே குடும்பம். சன்னல் கண்ணாடியில் சிலிக்கா எழுபது விழுக்காட்டுக்கு மேல். சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நெருக்கமான வலையாக நிற்கும். சோடியமும் கால்சியமும் மிகுந்தால் அவ்வலையின் முடிச்சுகள் ஆங்காங்கே அவிழ்ந்து இழைகள் தொங்கும். இப்படி நெகிழ்ந்த வலையை உடல்நீர் நனைக்கும்போது முதலில் சோடியம் வெளியேறுகிறது. அதன் இடத்தை நீரின் ஹைட்ரஜன் அயனி பிடிக்கிறது. மேற்பரப்பில் சிலிக்காவாலான பாகு போன்ற படலம் உருவாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பின் கனிமத்தை ஒத்த படிகமாகின்றன. எலும்பின் கொலாஜன் இழைகள் அப்படிகத்தைப் பற்றிக்கொள்கின்றன. இந்நிகழ்வுகளின் சமன்பாடுகளை வேதியியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் மகிழ்வார்.

1985ஆம் ஆண்டில் இக்கண்ணாடி நடுச்செவியிலுள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகளுக்கு மாற்றாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர்ப் பல்லைத் தாங்கும் தாடை எலும்பின் பள்ளங்களை நிரப்பும் தூளாக வந்தது. பல்கூச்சத்துக்கான சில பற்பசைகளில் நுண்துகளாக இன்றும் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் கண்ணாடி செல்லுக்கு வெளியேதான் நின்றது.

செல்வது அயனி

கதை திரும்பிய இடம் இலண்டன் இம்பீரியல் கல்லூரி. 1995இல் ஹெஞ்ச் அங்குச் சென்றார். நோயியல் அறிஞர் ஜூலியா போலாக் அவருக்குத் துணையானார். அவரே அதே ஆண்டில் இதயமும் நுரையீரலும் மாற்றி வைக்கப்பட்டு உயிர்பிழைத்தவர். மாற்று உறுப்பின் அருமையையும் அதன் போதாமையையும் தம் உடம்பிலேயே அறிந்தவர் என்பதை எண்ணிப் பார்த்தால், உடல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள உதவும் பொருள்களின் ஆய்வில் அவர் இறங்கியது வியப்பன்று.

அக்குழு 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 45எஸ்5 கண்ணாடியை ஊறவைத்த நீர்மத்தை மட்டும் எடுத்து மனித எலும்பாக்கச் செல்களுக்கு அளித்தார்கள். அங்கே கண்ணாடி இல்லை. அது கரைந்து விட்டுச்சென்ற சிலிக்கானும் கால்சியமும் பிறவும்தான் இருந்தன. அப்படியிருந்தும் அச்செல்களில் எலும்பு வளர்ச்சியோடு தொடர்புடைய பல மரபணுக்களின் செயல்பாடு உயர்ந்தது. அதுவரை கண்ணாடி எலும்புக்கு ஒரு தளம் என்றே கருதப்பட்டது. செல்லிடம் சென்று அதன் செயலைத் தூண்டுவது கரைந்துபோன பகுதி என்பது அப்போது விளங்கியது.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மின்னேற்றம் பெற்ற அணுவுக்கு ‘அயான்’ என்னும் பெயரை 1834ஆம் ஆண்டில் வழங்கியவர் மைக்கேல் பாரடே. கிரேக்க மொழியில் அதற்குச் செல்வது என்று பொருள். மின்வாய்களை நோக்கிச் செல்வதால் அப்பெயர். நம் அயனி அதன் ஒலியைத் தழுவியது. உத்தராயணம், தட்சிணாயனம் என்பவற்றில் உள்ள அயனமும் செல்லுதலையே குறிக்கும். சொல்லாக்கக் கூட்டத்தில் இதை நான் கூறியபோது வேதியியல் ஆசிரியர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

என் தாயார் எழுபத்தாறாம் வயதில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழே தொடையெலும்பு முறிந்தது. மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எஃகு ஆணி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த எலும்பு, செல்லரித்த ஓலைச்சுவடி போல் இருந்தது. செல் என்று நாம் கறையானையும் குறிக்கிறோம். உடலின் உயிரணுவையும் குறிக்கிறோம். எலும்பை அரிப்பதற்கென்றே உடலில் ஒருவகைச் செல்கள் இருக்கின்றன. பழைய எலும்பை அவை அரிக்க, எலும்பாக்கச் செல்கள் புதிதாகக் கட்ட, இவ்வேலை வாழ்நாள் முழுதும் நடக்கிறது. முதுமையில் அரிப்பவை முந்திக்கொள்கின்றன. அதுவே எலும்புப்புரை நோய். ஓலைச்சுவடி உவமை இரு பொருளிலும் பொருந்திவிட்டது.

கால்சிய மாத்திரையும் வேறு மருந்துகளும் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா ஒருநாள் கேட்டார்: “ஏம்மா, ஒடஞ்சது இடுப்பு, மாத்திரை போறது வயித்துக்குள்ள. இடுப்புக்குப் போற வழிய அதுக்கு யாரு சொல்லுவா?” நான் சிரித்தேன். எழுதப்படிக்கத் தெரியாத அவர் கேட்டது மருந்தியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். அம்மா அதன்பின் நான்காண்டுகள் கோலூன்றி வீட்டுக்குள் நடந்தார். கொல்லைப்புறத்துக்கு மட்டும் போகவில்லை.

வழி தெரியாத மருந்துக்கு ஒரு சான்று ஸ்ட்ரான்சியம். தனிம வரிசை அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பது. குடும்பச் சாயல் மிகுதியாதலால் உடல் அதைக் கால்சியம் போலவே எலும்பில் சேர்க்கிறது. எலும்பாக்கச் செல்களைத் தூண்டும். எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும். இரு வேலையும் செய்யும் தனிமம் என்பதால், ஸ்ட்ரான்சியம் ரானிலேட் என்னும் உப்பு எலும்புப்புரைக்கு மருந்தாக ஐரோப்பாவில் பயன்பட்டது. வாய்வழி உட்கொண்ட மருந்து குருதியில் கலந்து உடல் முழுதும் சுற்றியது. இதயத்துக்கும் குருதிக்குழாய்களுக்கும் அதனால் ஆபத்து மிகுவது தெரியவந்தது. 2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருந்துகள் முகமை அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எலும்புக்கு நன்மை செய்த அயனிதான். போகக்கூடாத இடங்களுக்கும் அது போயிற்று. தேவைப்படும் செல்லுக்குள் மட்டும் தேவையான அளவு ஸ்ட்ரான்சியத்தைக் கொண்டு சேர்க்க முடியுமா? உயிர்வினைக் கண்ணாடியை மீநுண் துகளாக்கும் முயற்சிக்குப் பின்னால் இத்தகைய கேள்விகள் இருக்கின்றன.

நூறு கோடியில் ஒரு பங்கு

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நாம் பேசும் கண்ணாடித் துகளின் விட்டம் ஏறத்தாழ 90 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் குறுக்கே இத்தகைய துகள்கள் ஏறக்குறைய ஆயிரத்தை வரிசையாக அடுக்கலாம். இத்தனை சிறியதாக்குவதில் இரண்டு பயன்கள். கல்லுப்பைவிடத் தூளுப்பு விரைவில் கரைவதை அடுக்களையில் கண்டிருப்பீர்கள். சிறிதாகச் சிறிதாக நீர் தொடும் பரப்பு மிகுகிறது. மற்றொன்று, துகளைச் செல் விழுங்க வேண்டும். செல்லே சில பத்து மைக்ரோமீட்டர் அளவுதான். அதன் வாய்க்கு ஏற்ற கவளமாக இருக்க வேண்டும்.

கண்ணாடியை உருக்கி, ஆறவைத்து, அரைத்துப் பொடியாக்கினால் இந்த அளவும் ஒழுங்கும் எளிதில் வாரா. வேறு வழி 1968ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டிருந்தது. வெர்னர் ஸ்டோபரும் அவருடைய தோழர்களும் சிலிக்கான் சேர்மம் ஒன்றை ஆல்கஹால், நீர், அம்மோனியா ஆகியவற்றோடு கலந்தார்கள். உலையும் நெருப்பும் இன்றி, அறை வெப்பத்திலேயே, ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகள் நீர்மத்தில் தோன்றின. கலவையின் அளவுகளை மாற்றினால் உருண்டையின் பருமனும் மாறும். பார்ப்பதற்குப் பால் போன்ற அந்நீர்மத்தின் ஒரு துளியில் எண்ணற்ற உருண்டைகள் மிதக்கும்.

சிக்கல் அடுத்துத் தொடங்குகிறது. வெறும் சிலிக்கா உருண்டையால் நமக்குப் பயனில்லை. கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் அதனுள் வேண்டும். உருண்டை உருவாகும்போது அவை எளிதில் உள்ளே செல்வதில்லை, நீர்மத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே உருண்டைகளை முதலில் செய்துகொண்டு, கால்சிய நைட்ரேட், ஸ்ட்ரான்சிய நைட்ரேட் கரைசலில் நனைத்து உலர்த்துகிறார்கள். உருண்டைமேல் உப்புப் படலம் படிகிறது. பிறகு நூற்றுக்கணக்கான பாகை செல்சியசுக்குச் சூடாக்குகிறார்கள். நைட்ரேட் சிதைந்து ஆவியாக, உலோக அயனிகள் சிலிக்கா வலைக்குள் புகுகின்றன. சூடு குறைந்தால் அவை புகா; மிகுந்தால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பாகு பதம் பார்த்துப் பழகிய கைகளுக்கு இந்தத் தடுமாற்றம் புரியும். உள்ளே புகாது மேலே தங்கியவற்றைக் கழுவி நீக்கினால், சேர்த்ததில் ஒரு பகுதியே எஞ்சுகிறது. ஆய்வுக்கட்டுரைகளில் இவ்வேலை இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. செய்தவர்களுக்கு அது பல ஆண்டு உழைப்பு.

இனிச் செல்லின் வாயிலுக்கு வருவோம். துகள் செல்லின் சவ்வைத் தொட்டதும் சவ்வு அந்த இடத்தில் உள்நோக்கிக் குழிகிறது. குழி ஆழ்ந்து துகளைச் சூழ்கிறது. பிறகு ஒரு சிறு பையாகக் கிள்ளப்பட்டு உள்ளே செல்கிறது. அப்பை முடிவில் லைசோசோமை அடைகிறது. லைசோசோம் செல்லின் செரிமான அறை என்று உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். குருதியின் பி.எச். மதிப்பு 7.4, லைசோசோமுக்குள் ஏறத்தாழ 4.5. மடக்கை அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் அயனியின் செறிவு ஏறத்தாழ எண்ணூறு மடங்கு மிகுதி. அந்த அமிலச் சூழலில் கண்ணாடியின் நெகிழ்ந்த வலையிலிருந்து கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் வெளியேறுகின்றன. மருந்தை வாங்கி, உறையைப் பிரித்து, கரைத்துக் கொள்ளும் வேலையைச் செல்லே செய்துகொள்கிறது.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜூலியன் ஜோன்சு, அலெக்சாண்ட்ரா போர்ட்டர் ஆகியோரின் குழுவினர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகக் காட்டப்பட்டது. ஸ்ட்ரான்சியம் கொண்ட 90 நானோமீட்டர்த் துகள்களை, எலும்பாக்கச் செல்லாக மாறவல்ல சுண்டெலிச் செல்களுக்கு அளித்தார்கள். செல்கள் அவற்றை உட்கொண்டன. எலும்பாக்கத்துக்கு அறிகுறியான நொதியின் செயல்பாடு கூடியது. கால்சியப் படிவு மிகுந்தது. மூன்று வாரங்களில் எலும்புக்குரிய புரதங்கள் செல்களில் தோன்றின. ஸ்ட்ரான்சியம் மிகுதியாக இருந்த துகள்கள் இவ்வகையில் மேலோங்கி நின்றன.

ஸ்ட்ரான்சியம் ஒன்றோடு இது நிற்கவில்லை. புதிய குருதிக்குழாய்கள் கிளைக்கத் தாமிரமும் கோபால்ட்டும் உதவுகின்றன. துத்தநாகமும் வெள்ளியும் நுண்ணுயிர்களை எதிர்க்கும். எந்த அயனியை எந்தக் கண்ணாடியில் எத்தனை விழுக்காடு சேர்ப்பது என்பதே இத்துறையில் இன்று பெருவேலை.

ஒரே மணல்

இதுவரை கூறியதைப் படித்து மகிழும் மாணவர், மற்றொன்றையும் அறிய வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஊரைச் சுற்றிக் கல்லுடைக்கும் ஆலைகள் இருந்தன. மாலையில் சாலையோரப் புளியமரங்கள் வெள்ளை பூத்ததுபோல் தூசி படிந்து நிற்கும். அங்கு வேலைசெய்த ஒருவரின் மகள் பதினொன்றாம் வகுப்பில் என் மாணவி. தந்தைக்கு ஓயாத இருமல். காசநோய் என்று எண்ணி நெடுநாள் அதற்கே மருந்து கொடுத்தார்கள். குறையவில்லை. நுரையீரலில் கல்தூசி படிந்து வரும் சிலிக்கோசிஸ் என்று பிறகு தெரிந்தது. அம்மாணவி பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்முன் அவர் இறந்தார். நாற்பத்து மூன்று வயது.

அவருடைய நுரையீரலில் படிந்ததும் சிலிக்காதான். வேதியியல் வாய்பாட்டில் எழுதினால் கண்ணாடித் துகளின் பெரும்பகுதியும் அதுவே. அங்கும் செல்கள் துகளை விழுங்குகின்றன. தூய்மை செய்யும் விழுங்கு செல்களின் கடமை அது. குவார்ட்சு என்பது படிகம். அதன் வலையில் அவிழ்ந்த முடிச்சு இல்லை. லைசோசோமின் அமிலத்தில் அது கரைவதில்லை. மாறாக, அந்த அறையின் சவ்வைச் சிதைக்கிறது. செல் சாகிறது, துகள் அப்படியே வெளிவருகிறது, அதை விழுங்க அடுத்த செல் வருகிறது, அதுவும் சாகிறது. இவ்வாறு தொடர்ந்து அழற்சியும் தழும்பும் பெருகி, மூச்சு விரியவேண்டிய இடம் கெட்டியாகிறது. விழுங்கிய செல் வாழ்வதும் சாவதும் விழுங்கப்பட்டது கரையுமா, கரையாதா என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. இலண்டன் ஆய்வகத்துச் செல்லையும் அந்தத் தொழிலாளியின் நுரையீரல் செல்லையும் ஒருசேர வைத்துப் பார்க்காமல் என்னால் இப்பாடத்தை எழுத முடியவில்லை. கல்லுடைக்கும் இடத்தில் நீர் தெளித்துத் தூசியை அடக்குவதும் தகுந்த முகக்கவசம் தருவதும் மீநுண் தொழில்நுட்பத்தைவிட மிக எளியவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கரைந்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை. மிக விரைவில் கரைந்தால் அயனிகள் ஒரே நேரத்தில் பெருகிச் செல்லைத் திணறடிக்கும். தாமிரம் சிறிதளவில் உதவும்; மிகுந்தால் நஞ்சு. துத்தநாகமும் அவ்வாறே. அளவு மீறிய துத்தநாகம் செல்லைக் கொல்லும் என்பதால், அதையே புற்றுநோய்ச் செல்லுக்கு எதிராகத் திருப்ப முடியுமா என்றும் ஆராய்கிறார்கள்.

எலும்பு நோயாளிக்குச் செலுத்தும் நிலைக்கு ஸ்ட்ரான்சியத் துகள்கள் இன்னும் வரவில்லை. நான் மேலே கூறியது ஆய்வகத் தட்டில் வளர்த்த சுண்டெலிச் செல்களில் கண்டது. தட்டில் துகளைச் செல்லின்மேல் ஊற்றிவிடலாம். உடலில் அப்படி இயலாது. குருதியில் செலுத்தினால் துகள்கள் தம்முள் திரளக்கூடும். கல்லீரலும் மண்ணீரலும் அவற்றில் பெரும்பகுதியை வாரி எடுத்துக்கொள்ளும். ஆகவே முறிவு நேர்ந்த இடத்திலேயே வைக்கத்தக்க களிம்பிலும், எலும்பு வளரப் பொருத்தும் சட்டகத்திலும் துகள்களைக் கலந்து பார்க்கிறார்கள். அயனிகள் வெளியேறிய பின் செல்லுக்குள் எஞ்சுவது சிலிக்காக் கூடு. அது கால்சியத்தைவிட மெதுவாகத்தான் கரையும். கரைந்தால் சிலிசிக் அமிலமாகிக் குருதியில் கலந்து, சிறுநீரகத்தின் வழியே வெளியேறும். அக்கூடு முழுதும் கரைய எவ்வளவு காலம் ஆகிறது, அதுவரை அதைச் சுமக்கும் செல் என்ன செய்கிறது என்பதை நாள்கணக்கிட்டுப் பார்த்துவருகிறார்கள்.